மாட்டுப் படம் போட்ட கார்டு

1912ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 16ஆம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்து மணிக்கு மொந்தேவிதேயோ நகரில் உள்ள காவல் நிலையத்தில் தானாக ஆஜராகிக் கொடுத்த வாக்குமூலம்.

என் பெயர் பொலிகார்ப்போ இரிகாராய், தகப்பனார் பெயர் இக்னாசியோ, வயது 43, சொந்த ஊர் சான் ஹோசே, தொழில் பாலாடைக்கட்டி செய்து விற்பது, படிப்பு நாலாம் வகுப்பு, அதிலும் கணக்கு கிடையாது. மனைவி பிரிமித்திவா, பிள்ளைகள் நாலு பேர். நாடாளுமன்றக் கீழ்ச்சபையில் நான் மாற்று உறுப்பினர். எங்கள் ஊர்ப் பிரதிநிதி சிறுநீரகக் கல்லுக்கு ஆபரேஷன் செய்துகொள்ளப் போனதால் பத்து நாளாக அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். திருவிழாவுக்கு வருவது போலக் குடும்பத்தையும் கூட்டிவந்து ஒரு விடுதியில் தங்கியிருக்கிறேன்.

என் சக உறுப்பினரும் வக்கீலுமான, எல்லோரும் மரியாதையாகத் 'தோன்' என்று அழைக்கும் லெயோனிதாஸ் பர்ரகான் நேற்று மதியம் முதல் இந்த நிலையத்தில் வைக்கப்பட்டிருக்கிறார். மானச்சண்டைக்கு, அதாவது மானம் காக்க இருவர் எதிரெதிரே நின்று சுட்டுக்கொள்வதற்கு, ஏற்பாடு செய்தார் என்பது அவர் மேல் உள்ள குற்றச்சாட்டு. அவர் வாய் திறக்க மறுப்பதாகவும், இன்று மாலை நாலு மணிக்குள் விளக்கம் வராவிட்டால் உறுப்பினரைக் கைது செய்யக் கூடாது என்ற பதவிப் பாதுகாப்பை அவருக்கு நீக்கும்படி நீதிபதி சபைக்கு எழுதப்போவதாகவும் கேள்விப்பட்டேன். அவர் பேசாமல் இருப்பது என் மானத்தைக் காப்பாற்றுவதற்காக. அந்த மானம் எனக்குத் தேவைப்படவில்லை என்பதால் நடந்ததைச் சொல்கிறேன்.

கடந்த வெள்ளிக்கிழமை சபையில் பால் பரிசோதனை மசோதா விவாதத்துக்கு வந்தது. பத்து நாளில் எனக்குத் தெரிந்த ஒரு விஷயம் அன்றுதான் வந்தது. தோன் லெயோனிதாஸ் முக்கால் மணி நேரம் பேசினார். நான் எழுந்து, "ஐயாவோட வார்த்தையில பாலை விடத் தண்ணிதான் ஜாஸ்தி" என்றேன். சபையில் சத்தம் எழுந்தது. சபாநாயகர் மணி அடித்தார். சுருக்கெழுத்துக்காரர்கள் காதில் சரியாக விழவில்லை போலும், அதற்குத்தான் மணி என்று நினைத்து, அதையே இன்னும் உரக்கச் சொன்னேன். ஒருவருடைய வார்த்தையில் கலப்படம் என்றால் அவரைப் பொய்யர் என்று சொன்னதாக ஆகும் என்பது எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் அது பாலைப் பற்றிய பேச்சு மட்டுமே.

அதன் பிறகு தோன் லெயோனிதாஸ் வராந்தாவில் என் முன் வந்து நின்று, கையுறையைக் கழற்றி, தன் பெயரும் முகவரியும் அச்சடித்த கார்டு ஒன்றை நீட்டினார். எவ்வளவு பெரிய மனிதர், நான் கேலி செய்த பிறகும் வீட்டுக்கு வரச் சொல்கிறாரே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நன்றி சொல்லிக் கையைப் பிடித்துக் குலுக்கினேன். என்னிடம் கார்டு கிடையாது. சட்டைப் பையில் இருந்த எங்கள் பாலாடைக்கட்டியின் லேபிளைக் கொடுத்தேன். அதில் எங்கள் மாட்டின் படமும் என் பெயரும் இருக்கும். அவர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டுப் பணப்பையில் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு சனிக்கிழமை நான் பிள்ளைகளுக்குச் செருப்பு வாங்கப் போயிருந்தபோது, கறுப்பு உடை போட்ட இரண்டு பேர் விடுதிக்கு வந்து, என் தரப்பில் யார் வருவார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். திரும்பி வந்ததும் என் மனைவி, "ஏங்க, அந்தக் கார்டு குடுத்தவர் ஆளுங்க வந்தாங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் குடும்பத்தோட வர்றோம்னு சொல்லிட்டேன்" என்றாள்.

"குடும்பத்தோடயா? நாலு உருப்படியையுமா? பெரிய வீடுடி அது."

"நாலையும்தான். கைக்குழந்தைக்கு அந்த வெள்ளைச் சட்டையைப் போடணும். நீங்க குளிங்க மொதல்ல, மோர் நாத்தம் அடிக்குது."

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை மதியம் நாங்கள் ஆறு பேரும், எட்டு கிலோ எடையுள்ள, நாலு மாதம் பக்குவமான பாலாடைக்கட்டி ஒன்றும் டிராமில் ஏறி மேற்படியார் வீட்டுக்குப் போனோம். கூடத்தில் தோன் லெயோனிதாஸ் கறுப்புக் கோட்டுடன் நின்றார். முந்திய நாள் வந்த இரண்டு பேரும், மருந்துப் பையோடு ஒரு டாக்டரும் இருந்தார்கள். மேசை மேல் திறந்த பெட்டியில் ஒரே மாதிரி இரண்டு கைத்துப்பாக்கிகள் இருந்தன. நான் டாக்டரைப் பார்த்து, வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரித்தேன். துப்பாக்கிகள் அலங்காரத்துக்கு வைத்தவை என்று நினைத்து, மிகவும் அழகாக இருப்பதாகப் பாராட்டினேன். ஒருமுறை நரியைக் குறிவைத்து என் கூரைத் தகரத்தையே ஓட்டை போட்டதையும் சொல்லிச் சிரித்தேன். யாரும் சிரிக்கவில்லை.

அப்போது என் மனைவி, "இந்தக் கட்டியை வைக்கணும், இவனைக் கொஞ்சம் புடிங்க ஐயா" என்று சொல்லிக் கைக்குழந்தை பெர்மினை தோன் லெயோனிதாஸ் கையில் கொடுத்துவிட்டாள். அவர் அவளைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். பெர்மின் அவர் மீசையைப் பிடித்துக்கொண்டான். கறுப்புக் கோட்டில் எச்சில் வழிந்தது.

கறுப்பு உடைக்காரரில் ஒருவர், "ஐயா, முறைப்படி பார்த்தா..." என்று ஆரம்பித்தார்.

"முறையெல்லாம் எனக்குத் தெரியும். இவரு விருந்துக்கு வந்திருக்காரு. ஒக்காந்து சாப்பிட்டவனைச் சுடற வழக்கம் எங்க வீட்ல கிடையாது. அந்தப் பெட்டியை எடுத்துட்டு ஆறு தட்டு வைக்கச் சொல்லுங்க" என்றார் தோன் லெயோனிதாஸ். சுடுவது என்ற பேச்சைப் பெரிய இடத்து வேடிக்கை என்று எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு மாட்டிறைச்சியும் சோளமும் பூசணியும் போட்ட சூப் வந்தது. என் மூத்த மகள் யூலாலியா இரண்டு தடவை வாங்கிக் குடித்தாள். கறுப்பு உடைக்காரர்களும் டாக்டரும்கூடச் சாப்பிட்டார்கள். கட்டியை வெட்டிக்கொண்டிருந்தபோது இன்ஸ்பெக்டர் நாலு காவலர்களோடு உள்ளே வந்தார். யாரோ மொட்டைக் கடிதம் போட்டிருக்கிறார்கள். பெட்டி பக்கத்து அலமாரியில் இருந்தது. "சண்டை எத்தனை மணிக்கு?" என்று அவர் கேட்டார். "என்ன சண்டை?" என்று நான் கேட்டேன். கோபத்தில் கார்டு நீட்டினால் அது மானச்சண்டைக்கு அழைப்பு என்று அவர் விளக்கிச் சொன்ன பிறகுதான் வெள்ளிக்கிழமை நான் எதற்கு நன்றி சொல்லிக் கை குலுக்கினேன் என்பது எனக்குப் புரிந்தது. தோன் லெயோனிதாஸ் இதற்கு முன் இரண்டு முறை நின்று சுட்டவர். அவர் எதிரில் நின்றவர்களில் ஒருவருக்குப் பாதிக் காது இல்லை.

துப்பாக்கி எதற்கு என்று கேட்டதற்குத் தோன் லெயோனிதாஸ், "இவர் என் விருந்தாளி" என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. இந்த முட்டாள், கார்டை விருந்தழைப்பு என்று எண்ணி வந்துவிட்டான் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அவரை அங்கேயே விட்டிருப்பார்கள். ஆனால் நாளை சபை முழுவதும் என்னைப் பார்த்துச் சிரிக்கும். என் பிள்ளைகள் எதிரில் அதைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அந்த ஒரு வரியை இப்போது நான் சொல்லிவிட்டேன்.

இன்னொரு விஷயத்தையும் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன். இன்று காலை இந்த நிலையத்தின் நடையில் உட்கார்ந்திருந்தபோது என் மனைவியிடம், "நல்லவேளை, நமக்கு ஒண்ணும் தெரியாமப் போச்சு" என்றேன்.

"உங்களுக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு முந்தி ஏழு வருஷம் பெரிய வீட்ல துணி தேய்ச்சேன். கோவத்துல கார்டு குடுத்தா என்னன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன்டி சொல்லலை?"

"சொல்லியிருந்தா நீங்க வீராப்பா துப்பாக்கியைத் தூக்கியிருப்பீங்க. எனக்கு நாலு பிள்ளைங்க."

யோசித்துப் பார்த்தேன். தூக்கியிருப்பேன். ஆகவே நான் உயிரோடு இருந்து இந்த வாக்குமூலம் கொடுப்பதற்குக் காரணமானவர்கள் இருவர். ஒருவர் நடையில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறார். இன்னொருவரை உள்ளே வைத்திருக்கிறீர்கள்.

நாளை சபையில் என் வார்த்தையைத் திரும்பப் பெற்றுக்கொள்வேன். அவர் வீட்டுச் சூப்பில்கூடத் தண்ணீர் குறைவாகத்தான் இருந்தது.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னது அத்தனையும் நடந்தது. மரியாதை கருதி 'முட்டாள்' என்ற சொல்லை அடித்துவிடலாமா என்று எழுதிய அதிகாரி கேட்டார். வேண்டாம், தோன் லெயோனிதாஸ் வீட்டுக்குப் போவது அந்தச் சொல்லால்தான் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

(ஒப்பம்) பொலிகார்ப்போ இரிகாராய்