பண்ருட்டி பஸ்ஸில் இரண்டு ரேஸ் கார்கள்

நெய்வேலியிலிருந்து பண்ருட்டி போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் சுரங்கத்து ஃபிட்டர்கள் இருவர். வெள்ளைச் சட்டைக்காரர் பெண் பார்க்கப் போகிறார், மற்றவர் துணை. துணைக்காரர் மடியில் இரண்டு ரேஸ் கார் படம் போட்ட பத்திரிகை.

"இங்கிலீஷ் காருக்கு ஆறு சிலிண்டர் மச்சான். நூத்தம்பது மைல் வேகம் போவும்."

"எனக்கு வேணாம்பா. வாரின தலை கலஞ்சிடும்."

"அப்ப ஜெர்மன் கார் எடுத்துக்கோ. நாலு சிலிண்டர்தான், எடை கம்மி."

வடக்குத்து தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. எல்லாரையும் இறங்கித் தள்ளச் சொன்னார் கண்டக்டர்.

"பொண்ணு வூட்ல காத்துகினு இருப்பாங்களே!" என்று புலம்பியபடி மாப்பிள்ளை சட்டையைக் கழற்றி ஜன்னலில் மாட்டிவிட்டு, பனியனோடு என் பக்கத்தில் நின்று தள்ளினார்.

"ஜெர்மன் கார்ல எஞ்சினே பின்னாடிதான் மச்சான்," என்றார் துணைக்காரர்.

மாப்பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. "நம்ம பஸ்ஸுக்கும் இப்ப பின்னாடிதான். அதுல ஒரு சிலிண்டர் பொண்ணு பாக்கப் போவுது."