கூரையைப் பிய்த்துக்கொண்டு வந்த கல்

— அதைத் தொடாதீங்க சித்தி! அந்தக் குழாய் உடைஞ்சா லேப்ல என்னைத் தோலை உரிச்சிடுவாங்க.

— தொடலை பொண்ணே, எட்டித்தான் பார்த்தேன். என் கல்லு இதுக்குள்ளயா இருக்கு?

— கல்லு இல்ல, அதோட சாறு. கொஞ்சம் உடைச்சுப் பொடியாக்கி, வெந்நீர்ல கொதிக்க வெச்சு வடிகட்டினேன்.

— கசாயம்னு சொல்லு.

— கசாயம்தான். அதுல அமினோ அமிலம் இருக்கு. அது ரெண்டு தினுசு, நம்ம கால் மாதிரி. ஒரே அளவு, ஒரே விரல், ஆனா இடது இடதுதான், வலது வலதுதான்.

— அதுக்கும் என் ஓரகத்தி கல்லெறிஞ்சதுக்கும் என்னடி சம்பந்தம்? துணிக்கொடிச் சண்டையில "உன் கூரை தப்புதா பாரு"ன்னு கத்திட்டுப் போனா. அன்னைக்கு சாயங்காலமே தகரத்தைப் பொத்துக்கிட்டு குளியலறை பக்கெட்டுல வந்து விழுது. அவ எறியாம? நான் சொல்லலே?

— பொறுங்க. பூமியில உயிருள்ளது எதை எடுத்தாலும் அனேகமா இடதுதான். தெருக்கல்லுல ஒட்டின அழுக்கும் அப்படித்தான். வானத்துலேர்ந்து விழுந்ததுன்னா ரெண்டும் சரிபாதி இருக்கும்.

— அங்க மட்டும் என்ன தாராளம்?

— அங்க உயிரே இல்லையே சித்தி, இது வேணும் அது வேணாம்னு பொறுக்க. தானா உண்டாகும்போது ரெண்டும் சமமாத்தான் வரும்.

— சரி, கசாயத்துல அதை எப்படிப் பிரிப்பே?

— குழாய் பூரா வலது கால் செருப்பா அடைச்சிருக்குன்னு வெச்சுக்குங்க. வலது கால் ஒவ்வொண்ணா மாட்டிப் பார்த்து மாட்டிப் பார்த்து மெதுவா வரும். இடது காலுக்கு எதுவும் சேராது, விறுவிறுன்னு வெளிய ஓடி வந்துரும்.

— செருப்புக்கடையில உன் சித்தப்பா மாதிரி!

— அதோ, திரையில கோடு ஏறுது! முதல் மலை. இது இடது.

— ஒண்ணுதான் இருக்கு! தெருக்கல்லு! சிக்கினாளா! நான் சொல்லலே?

— பொறுங்க சித்தி… பொறுங்க… சித்தி… சித்தீ!

— என்னடி, ஏன் என் கையைப் பிச்சு எடுக்கறே?

— ரெண்டாவது மலை! அதே உயரம்! வலது! சித்தி, உங்க பக்கெட்டுல விழுந்தது வானத்துக் கல்லு!

— வானத்துலேர்ந்தா? என் பக்கெட்டுக்கா? ஏய், இறக்கி விடுடி, இடுப்பு போயிரும்! அவ்வளவு பெரிய ஆகாசத்துலேர்ந்து வந்ததுக்கு என் குளியலறைதான் கிடைச்சுதா!

— கத்தாதீங்க, பக்கத்து அறையில மீட்டிங்!

— நீதான்டி கத்தறே! ஐயோ… ஆனா என் ஓரகத்தியை என்னென்ன பேசிட்டேன்! ஒரே சுவரு, ஒரே வாசல், இத்தனை நாளா முகம் கொடுக்கலை. அண்ணன் தம்பிகூட எங்களால பேச்சை நிறுத்திட்டாங்க. அவளுக்குப் போனைப் போடு. ஸ்பீக்கர்ல போடு, நீயும் கேளு.

— அலோ? அக்காவா? என்னக்கா, யாருக்கு என்ன ஆச்சு?

— யாருக்கும் ஒண்ணும் ஆகலைடி. கல்லு நீ எறியல. வானத்துலேர்ந்து விழுந்திருக்கு, மெஷினே சொல்லிருச்சு! அபாண்டமா உன்மேல பழி போட்டுட்டேன். மன்னிச்சிருடி தங்கம்.

— அக்கா…

— அழாதடி. நீ அழுதா எனக்கும் வரும்.

— அழலைக்கா, சிரிப்பை அடக்க முடியலை. அப்ப நான் எறிஞ்ச கல்லு எங்கக்கா போச்சு?