காலியாக விட்ட கட்டம்

எனக்குக் கையெழுத்து அழகு. கல்வி இலாகாவிலிருந்து விசாரிக்க வந்த நீங்களே நான் நிரப்பிய பாரங்களைப் புரட்டும்போது சொன்னீர்கள். அந்தக் கையால் ருக்மணிக்கு எதிராக ஓர் எழுத்துக்கூட எழுதவில்லை. இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

காஜா பெராங்கில் இந்தத் தமிழ்ப்பள்ளிக்குப் பன்னிரண்டு வருஷமாக நான்தான் தலைமையாசிரியை. இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம், ஆசிரியர்களை நிரந்தரமாக்கப் பாரம் வந்தது. அதில் 'ஒழுக்கம்' என்று ஒரு கட்டம். எல்லாருக்கும் 'மிக நன்று' எழுதுவது வழக்கம். கள்ளு வாடையோடு வகுப்புக்கு வரும் அப்பாசாமிக்கும் எழுதினேன். அவர் குடும்பஸ்தர், குடும்பமே இரண்டு. ருக்மணியின் கட்டத்தை மட்டும் காலியாக விட்டேன்.

பாடத்தில் அவளிடம் குறையே இல்லை. கொடியேற்றத்துக்குப் பிள்ளைகளைப் பாடப் பழக்கியவளே அவள்தான்.

என் வீட்டில் ஓர் அறை சும்மா கிடந்தது. வந்துவிடு என்று மூன்று முறை சொன்னேன். "உங்களுக்கு எதுக்குச் சிரமம், பெரிய டீச்சர்" என்று சிரித்துவிட்டு, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் மிஸ்ஸி மல்லிகாவோடு குடியேறினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். மல்லிகா கோப்பி கலக்கினாள். "சீனி எவ்வளவு டீச்சர்?" என்று என்னைத்தான் கேட்டாள். ருக்மணியைக் கேட்கவில்லை. மல்லிகாவின் விரலில் வெந்நீர் பட்டது. ருக்மணி அதைத் தன் உதட்டருகே வைத்து ஊதினாள். நான் இருப்பது ஞாபகம் வர, கொஞ்ச நேரம் ஆயிற்று.

நிர்வாகக் குழுத் தலைவர் கலியாணசுந்தரம் பாரத்தைப் பார்த்தார். "என்னம்மா, இதை மறந்துட்டீங்களா?"

"மறக்கலைங்க" என்றேன்.

அவ்வளவுதான். மிச்சத்தை ஊர் எழுதிக்கொண்டது. நம் ஊர்க்காரர்கள் காலி இடம் கிடைத்தால் விடமாட்டார்கள்.

ருக்மணி என் மேசைக்கு முன் வந்து நின்றாள். "ஒரே ஒரு வார்த்தை எழுதிடுங்க. இந்த வேலைதான் எனக்குச் சோறு."

"உன்னைக் காப்பாத்தத்தான்மா பாக்கறேன். அந்த வீட்டை விட்டுட்டு என்கூட வந்துடு. இப்பவே எழுதறேன்" என்றேன்.

பேனாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "காலியாவே இருக்கட்டும், பெரிய டீச்சர்."

அந்த மாதமே அவளை நிறுத்திவிட்டார்கள். யார் யாரோடு வசிக்கிறார் என்பது பள்ளிக்கூட விஷயமா என்று ஆசிரியர் சங்கத்துத் தேவதாஸ் புகார் எழுதியதால்தானே நீங்கள் வந்திருக்கிறீர்கள். நல்ல மனிதர். கையெழுத்துதான் கோழி கிளறியது மாதிரி.

இப்போது ருக்மணி ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை மடிக்கிறாள். மாதம் தவறாமல் போய் ஒன்று வாங்குகிறேன். அவள் விரித்துக் காட்டுவாள்; முகத்தை மட்டும் நிமிர்த்தமாட்டாள். என் அலமாரியில் உடுத்தாத புடவைகள் பதினாலு.

ஆம், தெரிந்தேதான் விட்டேன். பள்ளியின் நன்மைக்காக. என் சொந்த விருப்பு வெறுப்பு எதுவும் அதில் இல்லை, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அவளுக்குச் சீனி ஒன்றரைக் கரண்டி. அது எனக்கும் தெரியும்.