பனி மறைத்த பட்டன்

மலையளவு மனமும், மைக் கிடைத்தால் விடாத குணமும் கொண்ட நம் ஜெகதளா நுகர்வோர் மன்றத் தலைவர், அருவங்காட்டு ஆலையிலிருந்து ஓய்வு பெற்றும் ஓயாத அண்ணன் ஆறுமுகசாமி அவர்களே, அவருக்கு இருபுறமும் அரணாய் அமர்ந்திருக்கும் ஆன்றோர்களே, கொழுந்தெடுத்த கையோடு வந்து முன்வரிசையை முற்றுகையிட்டிருக்கும் தாய்மார்களே, சுக்குக்காப்பி எப்போது வரும் என்று வாசலையே பார்த்திருக்கும் வாலிபர்களே, உங்கள் அனைவருக்கும் இந்த வர்க்கிக் கடைக்காரனின் வணக்கம்.

எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். இந்தக் குளிருக்கு அது உதவாது. என் தொப்பையை மறைக்க உதவும். என் பேச்சும் என் கடை வர்க்கி மாதிரிதான். அடுக்கடுக்காக இருக்கும், கடித்தால் உதிர்ந்துவிடும். பொறுத்தருள்க.

எங்கள் சரிவில் செல்போன் சிக்னல் என்பது சிம் வாங்கிய கடையோடு முடிந்துவிடும். ஆகவே எங்கள் வீதி முழுவதற்கும் இணையம் நாச்சிமுத்து அண்ணன் வீட்டு வைஃபைதான். தாராளமாகக் கொடுத்தார், அதில் குறையில்லை. ஆனால் அந்த வைஃபைப் பெட்டியோடு ஓர் ஆப் வந்தது. யார் வீட்டுப் போன் எந்தத் தளத்துக்குப் போகிறது என்று அது அண்ணனுக்குச் சொல்லும். அண்ணன் அதை என் கடைக்கு வந்து சொல்வார். நான் ஊருக்குச் சொல்வேன். செய்தித்தாள் வராத நாளிலும் செய்தி நின்றதில்லை.

இதற்கு மருந்தாக வந்தது ஒரு பிரவுசரின் உள்ளேயே இருந்த வி.பி.என். பட்டன். அது என்ன என்று கேட்கிறீர்களா தாயே? திறந்த ஜீப்பில் போனால் எந்தக் கடையில் இறங்குகிறோம் என்று ஊரே பார்க்கும். மூடிய ஜீப்பில் போனால்? ஜீப் போனது தெரியும், இறங்கிய இடம் தெரியாது. அவ்வளவுதான். பட்டனைத் தட்டினோம், பரம சுகம் கண்டோம்.

ஒரு நாள் அப்டேட் வந்தது. பட்டன் போனது.

நாங்கள் என்ன செய்தோம்? நீலகிரிக்காரன் என்ன செய்வானோ அதைச் செய்தோம். பஸ் வராவிட்டால் மிஸ்ட், அதாவது பனிமூட்டம்தான் காரணம்; பால் திரிந்தால் மிஸ்ட், மருமகள் முகம் கொடுக்காவிட்டால் அதுவும் மிஸ்ட். பட்டன் போன பழியையும் மிஸ்ட் மேல் போட்டோம். "வெயிலடிச்சா வந்துருமுங்க" என்றார் பால்கார மருதாம்பாள் அக்கா. வீதியே வானத்தைப் பார்த்தது. வெயிலும் அடித்தது, அவலாஞ்சிப் பக்கத்து மலையெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. பட்டன் தெரியவில்லை.

தோண்டித் துருவிப் பார்த்தால், அமைப்புகளுக்குள் ஏழு கதவு தாண்டி ஒளித்து வைத்திருக்கிறார்கள். கணக்குத் தொடங்கு என்கிறது. தொடங்கினால், உங்கள் பகுதிக்கு விரைவில் என்கிறது. இலவசம்தானே, உனக்கென்ன கோபம் என்று தலைவர் கண்ணாலேயே கேட்கிறார். ஐயா, சும்மா கொடுத்த சால்வையாகவே இருக்கட்டும். குளிரில் நிற்கிறவன் தோளிலிருந்து சொல்லாமல் உருவிக்கொண்டு போவது எந்த ஊர் முறை?

வீதியே அந்தப் பிரவுசர் கம்பெனிக்குப் புகார் எழுதியது. மருதாம்பாள் அக்கா எழுதியதை அப்படியே சொல்கிறேன்: "தம்பி, பட்டனைக் குடு. எங்க ஊர்ல ஆம்பளைக வாய் சரியில்லை." உங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. "கேட்டதைக் குடுக்காம நன்றி சொல்றான் பாரு" என்று அக்கா போனையே முறைத்தார்.

இதெல்லாம் சிரிப்பு. ராஜப்ரியாவுக்கு மட்டும் சிரிப்பில்லை.

தேயிலை ஃபேக்டரி ஆபீசில் வேலை பார்க்கும் பெண். கோயமுத்தூரில் நல்ல வேலை ஒன்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அவளுடைய மேனேஜரோ நாச்சிமுத்து அண்ணனின் மச்சினன். சேதி கசிந்தால் வரப்போகும் வேலை வருமோ வராதோ, இருக்கிற வேலை போய்விடும். வெயில் வரட்டும் என்று அவளும் காத்திருந்தாள். கடைசி நாள் வந்துவிட்டது. சிக்னல் கிடைக்கும் குன்னூருக்குப் போகலாம் என்றால் ரோட்டில் மரம் விழுந்து கிடக்கிறது.

என் கடைக்கு வந்தாள். "அண்ணா, பட்டன் இல்லாம அந்தக் கம்பெனி பக்கத்தைத் தொறந்தா, அதோட பேரு நாச்சிமுத்து பெரியப்பா போன்ல வந்துரும்ங்க. அனுப்பறதா, விடறதா?" என்றாள்.

அந்த நேரம் பார்த்து யார் வருகிறார்? அண்ணனே வருகிறார். அவள் ரொட்டி அலமாரிக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டாள். அண்ணன் என் காதோடு குனிந்து, "ஏனுங் தம்பி, அந்த வி.பி.என். பட்டன் எங்கீங்க போச்சு?" என்றார்.

"உங்களுக்கெதுக்குங்க? நெட்டே உங்களுதாச்சே."

"மெதுவாப் பேசுங்க. அந்த ஆப்பை எங்கூட்டுக்காரி போன்லயும் போட்டுட்டேன். நான் எங்க போறேன்னு அவ பாக்குறா."

அலமாரிக்குப் பின்னால் சிரிப்பு வெடித்தது. ராஜப்ரியா வெளியே வந்தாள். அவள் குரல் உயரவில்லை. "உங்களுக்குப் பெரியம்மா. எங்களுக்கு நீங்க, பெரியப்பா."

அண்ணன் கையிலெடுத்த வர்க்கியைத் தட்டிலேயே வைத்தார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து அவளிடம் நீட்டினார். "எனக்கு எடுக்கத் தெரியாது பாப்பா. நீயே எடுத்துரு. அப்படியே ஊட்டுக்கு வந்து உங்க பெரியம்மா போன்லயும்."

இரண்டு போனிலிருந்தும் ஆப் போனது. என் கடை பெஞ்சில் உட்கார்ந்துதான் அவள் விண்ணப்பத்தை அனுப்பினாள். அண்ணன் சாலையைப் பார்த்தபடி திரும்பி நின்றுகொண்டார். இன்று அந்தப் பெண் கோயமுத்தூரில் அதே வேலையில் இருக்கிறாள். லீவு போட்டு வந்து மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். கை தட்டுங்கள், தகும்.

பட்டனும் அடுத்த அப்டேட்டில் வந்தது. பழைய இடத்தில் அல்ல, பக்கத்து மூலையில். வந்தது தன்னுடைய எழுத்தால்தான் என்கிறார் மருதாம்பாள் அக்கா. மறுக்க எனக்குத் துணிவில்லை. கேட்டால்தான் வரும், கூடிக் கேட்டால் கொஞ்சம் சீக்கிரம் வரும்.

என்ன, பின்வரிசையில்? அண்ணன் அப்படி எதைத்தான் பார்த்தார் என்றா? எனக்குத் தெரியும். அவரே சொன்னார். அண்ணன், ராஜப்ரியா இருவரிடமும் அனுமதி வாங்கித்தான் இந்தக் கதையைச் சொன்னேன். அண்ணன் அந்த ஒன்றை மட்டும் விலக்கிவிட்டார். ஆகவே சொல்ல மாட்டேன். இருபது வருடமாக ஊர்வாயாக இருந்தவன் இன்று வாயை மூடுகிறேன். பட்டன் கம்பெனிக்காரன் கையில் இருக்கிறது. தருவான், எடுப்பான், இடம் மாற்றுவான். இந்த வாயை மூடும் பட்டன் எவன் கையில் இருக்கிறது? நம் கையில் இல்லையா? பக்கத்து வீட்டுக்குத் திரை போட நமக்கு எந்த அப்டேட் வர வேண்டும்?

எனக்குப் போர்த்திய இந்தப் பொன்னாடையை, பார்க்க முடிந்தும் திரும்பி நின்ற நாச்சிமுத்து அண்ணனுக்கு இந்த மேடையிலேயே போர்த்துகிறேன். வாருங்கள் அண்ணா, வெட்கப்படாதீர்கள். பெரியம்மா இன்று வரவில்லை.

பொறுமையாய்க் கேட்ட பெருமக்களுக்கு நன்றி. சுக்குக்காப்பி வந்துவிட்டது, வணக்கம்.