நிறுத்தப்படாத கம்பிச்சுருள்

மேடையில் வீற்றிருக்கும் கல்லூரி முதல்வர் ஹரிஹரசுப்ரமணியன் அவர்களே, மதிவதனியைப் பெற்ற அம்சம் அம்மா அவர்களே, கண்கலங்கி அமர்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, வணக்கம்.

மின்னியல் துறையின் மாணிக்கம், பேராசிரியர் முனைவர் மதிவதனி மறைந்து இன்றோடு ஆறு நாள். துறைத்தலைவர் என்ற முறையில் அவரைப் புகழ என்னை அழைத்தீர்கள். புகழ்கிறேன். ஆனால் உண்மையைச் சொல்லட்டுமா? பன்னிரண்டு ஆண்டுகள் அவர்மீது பொறாமைப்பட்டேன். இப்போதும் படுகிறேன்! எனக்கு இத்தனை பேர் அழுவார்களா?

மின்சார விமானத்தின் மோட்டாரில் மூவாயிரம் வோல்ட் தாங்க வேண்டிய கம்பிச்சுருள். அதற்கான காப்புப் பூச்சை நானும் செய்தேன், அவரும் செய்தார். என்னுடையது ஆய்வகத்தில் அசையாமல் நின்றது. மார்தட்டினேன். அவர் என்ன சொன்னார்?

"சார், மேல போகப்போக காத்து மெலிசாயிடும். பூச்சுல இருக்கிற சின்னக் குமிழுக்குள்ள பொறி கிளம்பும். வரப்புல நண்டு வளை வச்ச மாதிரி கொஞ்சம் கொஞ்சமா அரிச்சிடும். காத்தைக் குறைச்சுப் பார்ப்போம் சார்."

காற்றை உறிஞ்சி எடுக்கும் வெற்றிடப் பெட்டி கேட்டார். மறுத்தேன். ஏன்? அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரிந்ததால்! விட்டாரா? திருக்காட்டுப்பள்ளியில், வெற்றிடத்தில் பழம் உலர்த்தும் ஆலை ஒன்றில் கழித்துப்போட்ட பெட்டியை டெம்போவில் ஏற்றி வந்தார். இருவர் சுருளும் உள்ளே போயின. என்னுடையது இருநூற்றுப் பதினோராவது மணியில் கருகியது. "உங்க பூச்சையும் சேர்த்தே சரிபண்ணிடலாம் சார்" என்றார். அந்தப் பெருந்தன்மையைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

அவருடைய சுருள் தொடர்ந்து ஓடியது. ஐயாயிரம் மணி நேரம் தாங்கினால் வெற்றி. அவர் கண்மூடியபோது நாலாயிரத்து முந்நூற்றுப் பத்து. மறுநாள் ஆய்வக உதவியாளர் வைரக்கண்ணு கேட்டார்: "மேடம் டெஸ்ட்டு இன்னும் ஓடுதுங்க. என்ன பண்ணட்டும்?"

"நிறுத்துங்க" என்றேன். துக்கத்தில் சொன்னேன் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை, வயிற்றெரிச்சல்!

"சுடுகாட்டுலேருந்து நேரா இங்கதான் வந்தேங்க. என் கையால முடியாது. நீங்களே நிறுத்திக்குங்க" என்றார் வைரக்கண்ணு.

போனேன். கண்ணாடி வழியே பார்த்தேன். ஒரு பொறிகூட இல்லை. என்ன வேலை, என்ன வேலை! சுவிட்சைத் தொட எனக்குக் கை எழவில்லை.

அம்சம் அம்மா, உங்கள் மகளின் சோதனை ஓடிக்கொண்டிருக்கிறது. இன்று காலை நாலாயிரத்து நானூற்று ஐம்பத்து நான்கு. இன்னும் இருபத்து மூன்று நாள். மின்வெட்டு வந்தால் ஜெனரேட்டர் பக்கத்தில் நான் நிற்பேன். அறிக்கையில் மதிவதனியின் பெயர் மட்டுமே இருக்கும். என் பெயரையும் கீழே எழுதிக்கொள்ளக் கை துடிக்கிறது, மறைக்கவில்லை. அதனால்தான் இத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டேன். இனி நானே நினைத்தாலும் மாற்ற முடியாது.