குண்டசாலைக் கடலும் துப்புரவுக் கருவியும்

மனித நாகரிகத்தின் வரலாறு, அழுக்குக்கு எதிராக மனிதன் நடத்திய போரின் வரலாறு. இந்த உண்மை எனக்கு என் வீட்டுக் குளியலறையில் விளங்கியது. மீன் தொட்டிக் குழாய் ஒன்றுக்குள் என் சுட்டு விரல் மாட்டிக்கொள்ள, என் மனைவி உம்மு குல்சும் தேங்காயெண்ணெய் ஊற்றி அதை இழுத்தெடுத்துக் கொண்டிருந்த வேளை அது.

சேர், நேற்று அவள் இந்தப் பொலிசுக்கு வந்து, தன்னைப் பிடித்து அடைக்கச் சொல்லி அழுததைப் பற்றித்தான் நீங்கள் கேட்கிறீர்கள். அதற்குத்தான் வருகிறேன். மேசையில் நீங்கள் வைத்திருக்கும் இந்தச் சாமான் என்னவென்று தெரிந்தால்தான் மற்றது விளங்கும்.

நான் ஜவாஹிர். கல்வித் திணைக்களத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். கண்டி மாவட்டக் கடல்நீர் மீன் வளர்ப்போர் ஒன்றியத்தின் ஸ்தாபகத் தலைவர். ஒன்றியத்தில் ஐந்து பேர் இருக்கிறோம். கடல்நீர்த் தொட்டி என்னிடம் மட்டும்தான் உண்டு. மற்ற நால்வரும் ஆர்வலர்கள். குண்டசாலைக்கு நீர்கொழும்பிலிருந்துதான் கடல் வருகிறது, மீன் லொறியில், கேன்களில். மலைநாட்டில் ஒருவன் வீட்டுக்குள் கடல் வைத்திருப்பது சின்ன விஷயமல்ல என்பதை நீங்களும் ஒத்துக்கொள்வீர்கள்.

கடல்நீர் தொட்ட இடமெல்லாம் தன்னைக் கொஞ்சம் விட்டுவிட்டுப் போகும். பம்பிலும் குழாயிலும் சுண்ணாம்புப் பொருக்கு கட்டும். அதைத் தேய்க்க நீள வால் வைத்த பிரஷ் கடையில் கிடைக்கிறது. கடையில் வாங்குவது ஒரு தலைவருக்கு அழகாகப் படவில்லை. பழுதான பிளெண்டரின் மோட்டரை எடுத்தேன். அதில் சைக்கிள் பிரேக் வயரைப் பூட்டி, வயரின் நுனியில் போத்தல் கழுவும் பிரஷின் தலையைக் கட்டினேன். மோட்டர் சுற்ற, வயர் சுற்ற, குழாய்க்குள் பிரஷ் சுற்றும். கைப்பிடிக்கு முதலில் பிளாஸ்டிக்தான் போட்டிருந்தேன். பிளாஸ்டிக்கில் என் பெயர் வெட்டினால் எடுப்பாக இல்லை. ஆகவே இரும்புக் குழாய் போட்டு, கண்டி டவுனில் கேடயங்களுக்குப் பெயர் வெட்டுபவரிடம் கொடுத்து வெட்டுவித்தேன். பாருங்கள், இன்னும் மங்கவில்லை.

என் மச்சான் பஹ்மி, உம்மு குல்சுமின் ஒரே தம்பி, அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"என்ன மச்சான் இது, மீஸான் கல்லுலயும் இப்பிடி அழகா பேர் வெட்ட மாட்டாங்களே. கபுறுக்கு வைக்கிற கல்ல இப்பவே செஞ்சிட்டீங்களா?"

"வாயக் கழுவுடா, உசிரோட இருக்கிற மனிசனுக்குக் கபுறுக் கல்லா?" என்றாள் அவன் ராத்தா உம்மு குல்சும்.

அவன் அப்படித்தான். போன் கவர் விற்கும் கடை ஒன்று வைத்திருந்தான். என்னைக் கேலி செய்யாமல் அவனுக்குச் சோறு இறங்காது. எனக்கு ஒரு வேலை என்றால் கடையைப் பூட்டிவிட்டு வரவும் செய்வான். ஒன்றியத்தின் நான்கு ஆர்வலர்களில் அவனும் ஒருவன்.

கருவியில் ஒரேயொரு குறை இருந்தது. உப்புத்தண்ணீர் பிரேக் வயர் வழியாக ஏறி மோட்டருக்குள் போய்விடும். போனதும் வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழும். கரண்ட் கசிந்தால் ஆளைக் காப்பாற்ற விழுகிற சுவிட்ச் அது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அது விழுகிறபோது பிரிட்ஜும் ரைஸ் குக்கரும் சேர்ந்தே நிற்கும். உம்மு குல்சும் குசினியிலிருந்து விளக்குமாற்றோடு வருவாள். சுவிட்ச் கதவுக்கு மேலே உயரத்தில் இருப்பதால் விளக்குமாற்றுக் காம்பாலேயே அதைத் தூக்கி விடுவாள்.

"இஞ்ச பாருங்க, உங்கட பிசாசு இன்னைக்கு எத்தின தரம் விழுத்தும்? சொன்னீங்கன்னா நான் இஞ்சயே நிண்டுக்குவேன்."

இது வீட்டோடு போயிருந்தால் பரவாயில்லை. ஒன்றியக் கூட்டத்திலும் விழுந்தது. எங்கள் உபதலைவர் வீரசிங்கம், வங்கி முகாமையாளராக இருந்தவர், யாழ்ப்பாணத்துக்காரர், தேநீரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "ஓம் தலைவர், சுத்தம்தான். வீட்டில இருந்த வெளிச்சத்தையே கழுவிப் போட்டுதே." எல்லோரும் சிரித்தார்கள். பஹ்மி கதிரையிலிருந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு அதிக வேலை தந்தது.

அடுத்த கூட்டத்துக்கு முன் நான் ஒரு வயர் இழுத்தேன். ட்ரிப் சுவிட்சுக்குப் போகாமல் மீட்டரடியிலிருந்து நேரே வரும் வயர். அதை அலுமாரிக்குப் பின்னால் மறைத்துத் தொட்டியடிக்குக் கொண்டு வந்தேன். பிறகு கருவியை ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தேன். சுவிட்ச் விழவில்லை. நான் விழுந்தேன். தோள்வரை விறைத்துப் போயிற்று.

அப்போதே அதைத் தூக்கி எறிந்திருக்கலாம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். ஆனால் கூட்டத்துக்கு எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. ஒரு பதாகையும் அடித்திருந்தேன்.

எங்கள் வீட்டுக்குள் யாரும் செருப்போடு வருவதில்லை. வீரசிங்கம்கூட வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் வருவார். கூட்டத்தன்று நான் மட்டும் வீட்டுக்குள் ரப்பர் செருப்புப் போட்டிருந்தேன். உம்மு குல்சும் அதைக் கவனித்து, காலைக் காட்டிக் கேட்டாள். குதிகாலில் வெடிப்பு என்றேன். அவள் உள்ளே போய் அதற்கு மருந்து எடுத்து வந்து தந்தாள்.

விளக்கவுரை சொல்ல எனக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. அதனால் கருவியைப் பஹ்மியிடம் கொடுத்தேன். அவன் வெறுங்காலோடு, தண்ணீர் சிந்திய தரையில் நின்றான். "பிஸ்மில்லாஹ், கபுறுக் கல்லத் தாங்க," என்று சொல்லி வாங்கினான். நான் அலுமாரிக்குப் பின்னால் கையை விட்டு, அந்த வயரைச் செருகினேன். நாகரிகத்தைப் பற்றிய முதல் வசனத்தை நான் முடிக்கவில்லை. அவன் கை கைப்பிடியை விடவில்லை. அவன் வேடிக்கை காட்டுகிறான் என்று நினைத்து வீரசிங்கம் கைதட்டினார்.

பிறகு எல்லோரும் கத்தினார்கள். உம்மு குல்சும் விளக்குமாற்றோடு ஓடி வந்து காம்பால் ட்ரிப் சுவிட்சை அடித்துக் கீழே போட்டாள். பகல் நேரம், விளக்கு அணைந்ததா என்று பார்க்க விளக்கு எரியவில்லை. மோட்டர் மட்டும் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது அவளுக்குக் கேட்டது. மாற்றிப் போட்டுவிட்டேனோ என்று மேலே தூக்கினாள். பிறகு கீழே. பிறகு மேலே. "நிக்கிதில்லையே, யா அல்லாஹ், நிக்கிதில்லையே," என்று சொல்லிச் சொல்லி அடித்தாள். அந்தப் பலகையில் இருந்த எந்தச் சுவிட்சும் அதை நிறுத்தியிராது. அது எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

நான் அலுமாரிக்குப் பக்கத்தில்தான் நின்றேன். கையை நீட்டினால் வயர். இழுத்திருந்தால் அது எங்கிருந்து வருகிறதென்று எல்லோரும் பார்த்திருப்பார்கள். வீரசிங்கமும் மற்றவர்களும் திரீவீலர் பிடிக்கத் தெருவுக்கு ஓடினார்கள். அவர்கள் படியிறங்கியதும் இழுத்தேன்; தன் கடைசி அடியில்தான் மோட்டர் நின்றது என்று உம்மு குல்சும் நினைத்தாள். அதிகம் தாமதிக்கவில்லை, சேர். ஆனால் தாமதித்தேன்.

அன்று பின்னேரம் பஹ்மியின் ஜனாஸா அடக்கத்துக்கு வருகிறவர்களுக்குக் கதிரை எடுக்கப் போனேன். போகிற வழியில் அந்த வயரை, தெல்தெனியப் பக்கம், நீர்த்தேக்கத்தில் போட்டுவிட்டு வந்தேன். திடீர் மரண விசாரணை அதிகாரி நல்ல மனிதர். ஈரத் தரை, வெறுங்கால், விபத்து என்று எழுதினார். மறுத்துப் பேச எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

உம்மு குல்சும்தான் மறுத்தாள். "விபத்தில்ல. கீழ போடுறதுக்கு மேல தூக்கிட்டேன். என்ட கை மாறிப் போச்சு. என்ட தம்பிய நான்தான்…" அன்றிலிருந்து அவள் வீட்டில் ஒரு சுவிட்சைத் தொடுவதில்லை. பொழுதுபட்டு, மஃரிப் தொழுகை முடித்து நான் பள்ளிவாசலிலிருந்து வரும்வரை இருட்டில் இருக்கிறாள். நான் வந்து விளக்கைப் போட்டால், தன் வலது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பஹ்மியின் மனைவி ஷஹ்மா வந்து கட்டிப்பிடித்து, "மதினி, உங்களில பிழை இல்ல," என்று அழுதாள். அதில் அவளுக்குத் துக்கம் இன்னும் கூடிப் போயிற்று.

நான் பக்கத்தில்தான் இருந்தேன். சொல்லத்தான் நினைத்தேன். பிறகு, துக்கத்தில் இருப்பவளுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒரு காரணம் வேண்டும், அதையும் ஏன் பறிக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன். அவளுடைய நன்மைக்காகத்தான். அவள் பொலிசுவரை வருவாள் என்று நான் நினைக்கவில்லை.

அவளை அடைக்க வேண்டாம், சேர். அவள் கை சரியாகத்தான் போட்டது. முதல் அடியிலேயே சரியாகப் போட்டது. பஹ்மியைக் கொன்றது என் வயர். கருவியை அவன் கையில் கொடுத்தது நான். செருப்புப் போட்டிருந்ததும் நான். இதை இப்படியே எழுதுங்கள். நான் ஒப்பம் வைக்கிறேன். அவளிடம் இதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் சொன்னால் தன்னைக் காப்பாற்றுவதற்காகச் சொல்கிறேன் என்று நினைப்பாள். என்னைப் பற்றி அவளுக்கு இன்னும் அவ்வளவு நல்ல எண்ணம்.

இன்னொன்றும் எழுத வேண்டும். கூட்டங்களில் நான் காட்டிய பளிச்சென்ற குழாய்களைப் பற்றி எல்லோரும் கேட்டார்கள். இந்தக் கருவி ஒரு குழாயைக்கூடச் சுத்தம் செய்ததில்லை. குழாய்க்குள் போனதும் பிரஷ் மாட்டிக்கொள்ளும்; வயர் மட்டும் சுற்றும். குழாய்களை வினாகிரியில் ஊறவைத்து, கம்பியில் கட்டிய பல் பிரஷால் நான்தான் தேய்த்தேன். கொஞ்சக் காலமாக உம்மு குல்சும், காலையில் வாய் உப்புக் கரிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். உன் ஈறில்தான் ஏதோ கோளாறு என்று நான் சொன்னேன். அவளும் நம்பிப் பல் டொக்டரிடம் போய் வந்தாள்.

அந்தப் பிரஷ் அவளுடையது. பழையதல்ல, அவள் பாவித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் தண்ணீரில் அலசி, திரும்ப அதே கோப்பையில் வைத்துவிடுவேன்.