மிளகுக் கொடிக்கு ஒரு பெண்

மலைமேல் இருக்கும் வாழவந்தி நாட்டிலிருந்து கிளம்பிய பஸ் ஒரு வளைவில் திரும்பியபோதுதான் முன் சீட்டு அக்காவுக்கு அந்த யோசனை வந்தது. வெளியே மரமேறியிருந்த காட்டு மிளகுக் கொடியைக் காட்டி, கூட வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொன்னார்:

"எங்கூட்டுக் கொடிக்கு ஒரு பொண்ணு பாக்கணும் கண்ணு."

காதில் ஓடிய பாட்டைச் சட்டென்று நிறுத்தினேன்.

"கொடிக்குப் பொண்ணா? என்னக்கா சொல்றீங்க?" என்றாள் அந்தப் பெண்.

"காட்டுல இருந்து கொண்டாந்து நட்டது. பலாமரம் முழுக்க ஏறிப் பூக்குது, ஒரு மிளகு மணி புடிக்கல. காட்டு மிளகுல ஆண் கொடி தனி, பெண் கொடி தனியாம்; எங்களது ஆணு. எங்கூட்டுக்காரரு வெட்டிப் போடறேன்னு அருவாளத் தீட்டறாரு."

"வெட்டட்டுமே. பெண் கொடியா நட்டுக்கங்க."

"ஆண் பக்கத்துல இல்லாட்டி அதும் காய்க்காதே! சொன்னா, 'மொதல்ல பொண்ணக் காட்டு'ங்கறாரு."

அந்தப் பெண் சிரித்தாள். "இலை ரெண்டுக்கும் ஒண்ணாட்டந்தானுங்க இருக்கும்?"

"இலைய உடு. தொங்கற சரத்துல மணி இருக்கான்னு பாரு, இருந்தா பொண்ணு."

அருவிக்குப் போகும் காட்டுப் பாதையருகே இருவரும் இறங்கினார்கள். சன்னலுக்கு வெளியே அக்காவின் குரல் கேட்டது:

"நீ எடப்பக்க மரமெல்லாம் பாரு, நான் வலப்பக்கம். மணி புடிச்ச சரம் ஒண்ணாச்சும் கையில கிடைக்காம இன்னைக்கு ஊட்டுக்குப் போறதில்ல."